பாட்டெல்லாம் உள்ளேதான் இருக்கிறது

பழைய ஐபாடைப் புது கம்ப்யூட்டரில் செருகியதும் திரையில் ஒரு பெட்டி வரும். ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று கேட்கும். அல்லது ஐடியூன்ஸ் தானாகத் திறந்துகொண்டு, ‘இது வேறொரு லைப்ரரியோடு சிங்க் ஆகியிருக்கிறது, அதை அழித்துவிட்டு இந்த லைப்ரரியோடு சிங்க் செய்யலாமா?’ என்று கேட்கும். எது கேட்டாலும் கேன்சல் கொடுங்கள். அதன்பின் ஐபாடை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, டீயோடு வந்து உட்காருங்கள். அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது.

‘பாட்டெல்லாம் போயிடுமா?’ என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. போகாது. அந்தப் பெட்டியில் தவறான பட்டனை அழுத்தினால்தான் போகும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பல வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் ஓரமாகப் போய், விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப் வந்தது. ஐபாடில் இருக்கும் பாட்டெல்லாம் எந்த ஐடியூன்ஸ் லைப்ரரியிலிருந்து ஏறினவோ, அந்த லைப்ரரி பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. இங்கே நாம் பேசும் ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் விற்பதை நிறுத்தியது 2014 செப்டம்பரில். ஆக, இன்று கையில் இருக்கும் எந்த கிளாசிக்கும் பத்து வயதைத் தாண்டியது. ஆனாலும் அதில் இருக்கும் பாட்டுகளுக்காக அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரி, ரேடியோவிலிருந்து பிடித்த நாடகம், வீட்டுக் கல்யாணத்தில் ஒலித்த நாதஸ்வரம் என்று, எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் கிடைக்காத பதிவுகள் அதில்தான் இருக்கும். பல வீடுகளில் அவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

‘டிடெக்ட் ஆகலை’ என்று சொல்கிறோமே, அதில் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலில் கேபிளைப் பாருங்கள். கிளாசிக்குக்கு வேண்டியது 30 பின் கொண்ட பழைய அகலக் கேபிள். இப்போது கிடைக்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும்தான் உண்டு, தகவல் போகும் கம்பி கிடையாது. செருகியதும் பேட்டரிப் படம் மட்டும் வந்து, கம்ப்யூட்டரிலிருந்து அந்த ‘டிங்’ சத்தம் வரவில்லை என்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். இடையில் யுஎஸ்பி ஹப் எதுவும் வேண்டாம். ஐபாடுக்குள் சுழல்வது நிஜமான ஹார்ட் டிஸ்க், 1.8 அங்குலம். அது சுழலத் தொடங்கும்போது மின்சாரம் சற்று அதிகம் கேட்கும். புது லேப்டாப்பில் யுஎஸ்பி-சி துளை மட்டுமே இருந்தால் நல்ல அடாப்டர் ஒன்றைப் போட்டு நேராகச் செருகுங்கள்.

கேபிள் சரிதான், ஆனால் இன்னும் தெரியவில்லை என்றால் டிஸ்க் மோடுக்குப் போகலாம். ஐபாடின் மேலே இருக்கும் ஹோல்டு பட்டனை ஒருமுறை தள்ளி, திரும்ப விடுங்கள். மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். சின்னம் வந்த உடனே கையை மாற்றி, நடுப் பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். திரையில் ‘டிஸ்க் மோட்’ என்று எழுத்து வரும். இந்த நிலையில் ஐபாடின் வழக்கமான சாஃப்ட்வேர் ஓடாது. கம்ப்யூட்டருக்கு அது வெறும் வெளி டிஸ்காகத் தெரியும். பாட்டுக் கேட்கும்போது தடுமாறும் ஐபாட்கூட இந்த நிலையில் பல நேரம் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மியூசிக் ப்ளேயர்கள் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பென் டிரைவ் மாதிரி வெறும் டிஸ்காக வந்து நிற்பது. இதற்கு டிரைவர் என்று தனியாக எதுவும் வேண்டாம், 20 ஆண்டு கழித்து வரும் கம்ப்யூட்டருக்கும் புரியும். இன்னொன்று எம்டிபி. மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய முறை இது. இதில் ப்ளேயர் தன் டிஸ்கை நேரடியாகத் திறந்து காட்டாது. எந்த ஃபைல் வேண்டும் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும். மேக்கில் இதற்கு உள்ளமைந்த ஆதரவு கிடையாது. ஐரோப்பாவில் விற்கும் விண்டோஸ் ‘என்’ பதிப்பிலும், மீடியா ஃபீச்சர் பேக் என்ற இலவசச் சேர்க்கையைப் போடாதவரை எம்டிபி சரியாக வேலை செய்யாது. 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக எடுத்த முடிவால் பிறந்த பதிப்பு அது. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் ‘என் ப்ளேயரை விண்டோஸ் பார்க்கவே மாட்டேன் என்கிறது’ என்று போனில் சொன்னால், முதலில் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். சான்டிஸ்க் சான்சா மாதிரி ப்ளேயர்களில் செட்டிங்ஸுக்குள் யுஎஸ்பி மோட் என்று ஒன்று இருக்கும். அதை எம்எஸ்சி என்று மாற்றினால் போதும், ப்ளேயர் டிஸ்காக வந்து நிற்கும். முன்பு எம்டிபி வழியாக ஏற்றிய பாட்டுகள் அப்போது கண்ணில் படாமல் போகலாம். பயப்பட வேண்டாம், மோடைத் திரும்ப மாற்றினால் வந்துவிடும்.

ஐபாட் கிளாசிக் முதல் வகை, டிஸ்க். அப்படியானால் பாட்டை இழுத்துப் போட்டு எடுக்க ஏன் முடியவில்லை? இதற்கான பதில்தான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் சுவையாகப் படுவது.

விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் என்று கொடுங்கள். மறைந்திருந்த ‘ஐபாட் கண்ட்ரோல்’ என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் மியூசிக். அதற்குள் எஃப்00, எஃப்01, எஃப்02 என்று வரிசையாக ஃபோல்டர்கள். ஒன்றைத் திறந்தால் பாட்டின் பெயரே இருக்காது. ‘கியூஎக்ஸ்ஆர்டி’ என்பதுபோல் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள், பின்னால் எம்பி3 என்ற வால். ஒரே ஆல்பத்தின் எட்டுப் பாட்டுகள் எட்டு ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும். எந்தப் பாட்டு எந்த நான்கெழுத்துக்குள் இருக்கிறது என்பது ‘ஐடியூன்ஸ் டிபி’ என்ற ஒரே ஒரு ஃபைலுக்குத்தான் தெரியும். புத்தகங்களை அலமாரியில் கண்ட இடத்தில் செருகிவிட்டு, பதிவேட்டை மட்டும் நூலகர் தன் மேஜை டிராயரில் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு. நாமாக ஒரு பாட்டை இழுத்து இந்த ஃபோல்டருக்குள் போட்டாலும் பதிவேட்டில் ஏறாததால் ஐபாடின் மெனுவில் அது வராது.

இப்படி அமைத்ததில் காரணம் இருந்தது. 2001 அக்டோபர் 23-ஆம் தேதி, 5 ஜிபி டிஸ்கோடு முதல் ஐபாட் அறிமுகமானபோது, இணையத்தில் பாட்டுகள் இலவசமாகப் பரவுவதைக் கண்டு இசை நிறுவனங்கள் கொதித்துப்போயிருந்தன. புது ஐபாடின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறையிலேயே பாட்டைத் திருடாதீர்கள் என்று ஆப்பிள் அச்சிட்டிருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ஐபாடுக்குப் போகலாம், ஐபாடிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு எளிதில் போகக் கூடாது என்ற ஒருவழிப் பாதை அதனால்தான். அந்தப் பாதைதான் இன்று, நாமே காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து ஏற்றிய பாட்டை நாமே எடுக்கவிடாமல் குறுக்கே நிற்கிறது. அந்தக் காலத்துப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் சுமையை இன்று சொந்தப் பதிவுகளை வைத்திருக்கும் வீடுகள் சுமப்பது நியாயமில்லை.

நல்லவேளையாகப் பதிவேடு இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஃபைலின் பெயர்தான் அர்த்தமற்றதே தவிர, பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் எல்லாம் டேக் என்ற வடிவில் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். மியூசிக் ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, ஏதாவது ஒரு மியூசிக் சாஃப்ட்வேரில் சேர்த்தால் பெயர்கள் எல்லாம் தாமாக முளைக்கும். ஐடியூன்ஸையே பயன்படுத்துவதானால், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் மீடியா ஃபோல்டரை ஒழுங்காக வைத்திருக்கவும், சேர்க்கும்போது காப்பி எடுத்துக்கொள்ளவும் இரண்டு டிக் இருக்கின்றன. இரண்டையும் போட்டால் பாடியவர் பெயர், ஆல்பம் பெயர் என்று ஃபோல்டர்களும் ஒழுங்காகப் பிரிந்துவிடும். நம் ஊர்ப் பாட்டுகளில் ஆல்பம் பெயரோடு பாட்டு இறக்கிய இணையதளத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், அதை நிதானமாகச் சுத்தம் செய்துகொள்ளலாம். டேக்கே இல்லாத வீட்டுப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். பிளேலிஸ்டும், எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும் பதிவேட்டில் மட்டுமே இருப்பவை. இந்த வழியில் அவை வராது.

இதில் வரிசை ரொம்ப முக்கியம். புது கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸைப் போடுவதற்கு முன்பே இந்தக் காப்பி வேலையை முடித்துவிடுங்கள். ஐடியூன்ஸ் இல்லாத விண்டோஸுக்கு ஐபாட் சும்மா ஒரு டிஸ்க், வேறு லைப்ரரியோடு சிங்க் செய்ய அதை அழிக்கவா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. ஏற்கெனவே ஐடியூன்ஸ் இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஐபாடைச் செருகுங்கள், அந்த முறைக்குத் தானாகச் சிங்க் ஆகாது. அதோடு ஐடியூன்ஸின் டிவைசஸ் செட்டிங்ஸில், தானாகச் சிங்க் ஆவதைத் தடுக்கும் டிக்கையும் போட்டுவிடுங்கள்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன ‘ஃபார்மேட் செய்யலாமா’ பெட்டி ஏன் வருகிறது? முதன்முதலில் மேக்கில் இணைத்துத் தயாரான ஐபாடின் டிஸ்க், எச்எஃப்எஸ் ப்ளஸ் என்ற ஆப்பிளின் அமைப்பில் இருக்கும். விண்டோஸில் தயாரானது ஃபேட்32 அமைப்பில் இருக்கும். மேக்குக்கு இரண்டும் படிக்கத் தெரியும். விண்டோஸுக்கு எச்எஃப்எஸ் ப்ளஸ் தெரியாது. தெரியாத அமைப்பைக் காலி டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. ஐபாடின் செட்டிங்ஸில் அபௌட் பகுதிக்குப் போய், நடுப் பட்டனை அழுத்தி அடுத்தடுத்த பக்கங்களைப் பாருங்கள். ஃபார்மேட் விண்டோஸ் என்று இருந்தால் கவலையில்லை. அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மாமாவோ தன் மேக்கில் பாட்டு ஏற்றிக் கொண்டுவந்து தந்த ஐபாடுகளில் அப்படி இருக்காது.

அப்படி மேக் அமைப்பில் இருந்து, கையில் மேக்கும் இல்லை என்றால், நான் சொல்லும் வழி உபுன்டு என்ற லினக்ஸ். பென் டிரைவில் உபுன்டுவை ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்கி, இன்ஸ்டால் செய்யாமல் ‘ட்ரை’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. லினக்ஸ் எச்எஃப்எஸ் ப்ளஸைப் படிக்கும். ஜர்னலிங் என்ற வசதி போட்ட டிஸ்க் என்றால் படிக்க மட்டுமே செய்யும், எழுதாது. நமக்கு வேண்டியதும் அதுதான், தவறுதலாகக்கூட எதுவும் அழியாது. பாட்டுகளை இன்னொரு வெளி டிஸ்குக்கு எடுத்து, ஓரிரண்டை ஓட்டிப் பார்த்த பிறகு, விண்டோஸுக்கு வந்து ஐடியூன்ஸில் ரீஸ்டோர் கொடுங்கள். ஐபாட் சுத்தமாக அழிந்து ஃபேட்32 ஆக மாறும். இப்போது அழியலாம், காப்பி நம்மிடம் இருக்கிறது.

விண்டோஸ் 11-க்கு ஐடியூன்ஸ் இன்றும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. கூடவே ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவைசஸ் என்று புது ஆப்களும் இருக்கும். அவற்றைப் போட்டால் பாட்டும் சிங்க்கும் அந்த ஆப்களுக்குப் போய், ஐடியூன்ஸில் பாட்காஸ்டும் ஆடியோ புத்தகமும் மட்டுமே மிஞ்சும். பழைய ஐபாடுக்காக மட்டுமே இந்த வேலை என்றால் ஐடியூன்ஸ் ஒன்றோடு நின்றுகொள்வது நல்லது. சிங்க் முறையில் ‘மேனுவலாக நிர்வகி’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எதைப் போடுவது எதை நீக்குவது என்ற முடிவு நம் கையில் இருக்கும். சில நேரம் ‘டிங்’ சத்தம் கேட்கும், ஆனால் எக்ஸ்ப்ளோரரில் ஐபாட் தெரியாது. விண்டோஸ் அதற்குக் கொடுத்த டிரைவ் எழுத்து, ஆபீஸ் நெட்வொர்க் டிரைவோடு மோதியிருக்கலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, டிஸ்க் மேனேஜ்மென்டில் வேறொரு எழுத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இந்தப் பிரச்சினை நம் காலத்தில் புதிதாக வந்ததில்லை. 2007 ஜனவரி கடைசியில் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, ஐடியூன்ஸ் பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் பொறுத்து மாறுங்கள் என்று ஆப்பிளே கேட்டுக்கொண்டது. டாஸ்க் பாரின் ஓரத்தில் இருக்கும் ‘சேஃப்லி ரிமூவ்’ வழியாகக் கழற்றினால் ஐபாடில் இருப்பது சிதைந்துபோகலாம் என்று எச்சரித்தது. பாதுகாப்பாகக் கழற்றத்தான் அந்த வசதியே இருக்கிறது! அந்த மார்ச்சில் ஐடியூன்ஸ் 7.1 வரும்வரை விஸ்டாக்காரர்கள் காத்திருந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, 2006 நவம்பரில், மைக்ரோசாஃப்ட் தன் சொந்த ப்ளேயரான சூனை வெளியிட்டது. வெளியான அன்று அது மைக்ரோசாஃப்டின் விஸ்டாவிலேயே வேலை செய்யவில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருள்களுக்கே அப்படி என்றால், கம்ப்யூட்டர் மாறியதும் நம் ப்ளேயர் தடுமாறுவதில் நம் தவறு எதுவும் இல்லை என்று தைரியமாக நம்பலாம்.

மேக்கில் கதை வேறு. 2019 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் கேடலினாவில் ஐடியூன்ஸையே எடுத்துவிட்டார்கள். பாட்டு மியூசிக் ஆப்புக்குப் போனது, ஐபாட் ஃபைண்டருக்குப் போனது. ‘மேக்கில் ஐபாடுக்கு இடமே இல்லாமல் பண்ணிட்டாங்க’ என்று நினைத்து விட்டுவிட்டவர்கள் உண்டு. ஃபைண்டரின் இடது ஓரத்தில் ஐபாடின் பெயர் இருக்கும், அதைச் சொடுக்கினால் பழைய ஐடியூன்ஸ் பக்கம் கிட்டத்தட்ட அப்படியே திறக்கும். உண்மையான இழப்பு முதல் இரண்டு தலைமுறை ஐபாடுகளுக்குத்தான். அவை ஃபயர்வயர் கேபிளில் மட்டுமே பேசுபவை. அன்றைய யுஎஸ்பி நொடிக்கு 12 மெகாபிட், ஃபயர்வயர் 400 மெகாபிட் என்பதால் ஆப்பிள் அதைத் தேர்ந்தெடுத்தது. பல ஆண்டுகள் அடாப்டர் மேல் அடாப்டர் போட்டுப் புது மேக்கிலும் அதை ஓட்டிவந்தார்கள். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவை ஆப்பிள் எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட ஐபாட் வைத்திருப்பவர்கள் பழைய மேக் ஒன்றை அப்டேட் செய்யாமல் வைத்திருங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து வசதியாக இல்லை.

லினக்ஸுக்கு முழுதாக மாறியவர்களுக்கு, ரிதம்பாக்ஸ் என்ற மியூசிக் சாஃப்ட்வேர் ஐபாடைப் புரிந்துகொள்ளும். 2007 செப்டம்பரில் கிளாசிக் வந்தபோது, அந்தப் பதிவேட்டு ஃபைலில் ஒவ்வொரு ஐபாடின் தனி எண்ணை வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரையை ஆப்பிள் சேர்த்தது. முத்திரை பொருந்தாவிட்டால், பாட்டு டிஸ்கில் இருந்தும் மெனுவில் ஒன்றுமே இல்லை என்று ஐபாட் காட்டும். லினக்ஸ் ஆர்வலர்கள் அந்தக் கணக்கைச் சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சம்பளம் வாங்காமல் அன்று அவர்கள் செய்த வேலையால்தான் இன்று நாம் ஐடியூன்ஸ் இல்லாமலும் கிளாசிக்கில் பாட்டு ஏற்ற முடிகிறது. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

அதைவிட ஒரு படி மேலே போகத் துணிந்தவர்களுக்கு ராக்பாக்ஸ் இருக்கிறது. 2001-லேயே தன்னார்வலர்கள் வேறொரு ப்ளேயருக்காகத் தொடங்கிய சாஃப்ட்வேர் இது, ஐபாடின் சொந்த சாஃப்ட்வேருக்குப் பதிலாக ஓடும். அதன்பின் பதிவேடு, நான்கெழுத்துப் பெயர், சிங்க் எதுவும் வேண்டாம். ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் அப்படியே பாடும். ஐபாட் படிக்காத ஃப்ளாக் ஃபைலையும் பாடும். கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் வந்தாலும், எந்த மேக் வந்தாலும் கவலையில்லை, டிஸ்க் தெரிந்தால் போதும். ராக்பாக்ஸ் ஓட டிஸ்க் ஃபேட்32-ல் இருக்க வேண்டும். பழைய ஆப்பிள் சாஃப்ட்வேரும் கூடவே இருக்கும், வேண்டும்போது அதற்குத் திரும்பலாம். வயதான அப்பாவுக்காகத் தயார் செய்வதானால் ஆப்பிள் மெனுவையே விட்டுவைப்பேன், அவருக்குக் கை பழகியது அதுதான். நமக்கென்றால் ராக்பாக்ஸ்தான் என் தேர்வு.

கடைசியாக, டிஸ்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். முன்பு சொன்னதுபோல் ஆப்பிள் சின்னம் வரவைத்து, இந்த முறை நடுப் பட்டனையும் பின்னால் தள்ளும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் சோதனைத் திரை வரும். மெனுவை அழுத்தி மேனுவல் டெஸ்டுக்குள் போய், ஐஓ, ஹார்ட் டிரைவ், ஸ்மார்ட் டேட்டா என்று இறங்குங்கள். அங்கே ரீஅலாக்ஸ், பெண்டிங் செக்டர்ஸ் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டும் பூஜ்யம் என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது. எண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, ஐபாடைக் காதருகில் வைத்தால் டிஸ்க் டொக் டொக்கென்று தட்டினாலோ, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் காப்பி. டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு பொருத்தித் தருபவர்களும் இருக்கிறார்கள், ஐபாட் எடையும் குறையும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

காப்பி எடுத்த ஃபோல்டரை, ஐபாடில் திரும்ப ஏற்றிவிட்டோமே என்று அழித்துவிடாதீர்கள். வெளி டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, வேறு வீட்டில் இருக்கும் தம்பியிடமோ மகளிடமோ ஒரு பிரதி இருக்கட்டும். கேபிளை எடுக்கும் முன் ஐடியூன்ஸில் ஐபாடின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எஜெக்ட் குறியைச் சொடுக்கி, ஐபாடின் திரையில் கழற்ற வேண்டாம் என்ற எச்சரிக்கை மறைந்து மெனு வரும்வரை பொறுங்கள்.